யார்க் மதிலில் ஒரு பகல்

அருண்,

"என்னைப் பெத்துக்க ஏம்மா இந்தியாவுக்குப் போன?" என்று நீ ஒரு முறை கேட்டாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் பதில் இருக்கும் என்று நீ காத்திருக்கக் கூடாது. ஆஸ்டினில் அந்தக் குடியேற்ற வக்கீலின் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாய். கேட்டது ஆங்கிலத்தில். நான் தமிழில் பேசுவேன், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய், நம் வீட்டில் அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. இங்கே உன் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன். உள்ளே வக்கீல் நிதானமாகச் சொல்லி முடித்திருந்தார். இருபத்தொரு வயதானதும் நீ எங்கள் விசாவைச் சேர்ந்த பிள்ளை இல்லை, கிரீன் கார்டு வரிசையிலும் எங்களோடு நிற்க முடியாது. கைக்குழந்தையாக டெக்சஸுக்கு வந்து, மழலைப் பள்ளியிலிருந்து எல்லாம் ரவுண்ட் ராக்கிலேயே படித்தவன் நீ. பின்சீட்டில் உன் பக்கத்தில் மீரா இருந்தாள். உன் தங்கை ஆஸ்டினில் பிறந்தவள், அவளுக்கு எந்த வரிசையும் இல்லை. அவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்பா காரைக் கிளப்பினார். "ஃப்ரீவேல டிராஃபிக் ஆரம்பிச்சிடும்," என்றார். நான் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலையோடு நின்றவன் நீ. கடைப் பலகை படிப்பாய், இவ்வளவு நீளமான கடிதத்தைப் படிக்க மாட்டாய். முன்பின் தெரியாதவர்கள் உனக்கு முன்னால் இதைப் படிக்கப் போகிறார்கள். எனக்கு யோசிக்கத் தெரிந்த மொழி இதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் என் வேலையிடத்துத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் போல ஆகிவிடுகிறது, இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் இல்லையே தவிர, காரணங்கள் நிறைய இருந்தன. முதல் பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். நான் வழக்கங்களை மதிக்கிறவள் இல்லை. வேதியியல் படித்துவிட்டு, வளைகாப்பில் கை நிறைய வளையல் போட்டால் குழந்தைக்குக் காது கேட்கும் என்று சொன்ன மாமியைப் பார்த்துச் சிரித்தவள். ஆனாலும் போனேன். அப்பாவுக்கு அப்போது வாரம் முழுவதும் டாலஸில் வேலை. அபார்ட்மென்ட்டில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதர் தபால்காரர். அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இங்கயே பெத்துக்கோங்கம்மா, குழந்தை சிட்டிசனாயிடும், பின்னால உதவும்," என்று சொன்னார். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. பாஸ்போர்ட்டுக்காக யாராவது பிள்ளை பெறுவார்களா என்று, அவர் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் ஆமாம் என்றார். நாங்கள் இருவரும் கொஞ்சம் பெருமையாகவே உணர்ந்தோம் என்று நினைக்கிறேன். மீரா வயிற்றில் இருந்தபோது என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் ஆஸ்டினிலேயே பெற்றேன். அப்போதும் பாஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாடும் இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு நாடும் கொடுத்தோம். இரண்டையுமே நாங்கள் தீர்மானிக்கவில்லை, அப்படி ஆனது.

உன் இருபத்தொன்றாவது பிறந்த நாளுக்கு அடுத்த கோடையில் எங்கள் இருவருக்கும் வழி பிறந்தது. அப்பாவுக்கும் எனக்கும் கிரீன் கார்டு வந்தது, மீராவுக்கு முன்பே எல்லாம் இருந்தது. யாரும் கேசரி செய்யவில்லை. நீ மாணவர் விசாவில் கல்லூரியை முடித்தாய், வேலை விசாக் குலுக்கலில் உன் பெயர் வரவில்லை, மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனாய். யார்க் என்ற பெயரை அதற்கு முன் நான் நியூ என்ற சொல் இல்லாமல் கேட்டதே இல்லை. இந்த வசந்தத்தில்தான் முதல் முறையாக உன்னைப் பார்க்க அங்கே வந்தேன். வந்த மூன்றாம் நாள் உனக்கு லீட்ஸில் நேர்காணல் இருந்தது. கடைசிச் சுற்று. அந்தக் கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டு விசாவுக்கும் பொறுப்பேற்றால் இங்கிலாந்தில் இருக்கலாம். இல்லையென்றால் உன் விசா மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு கேள்வி கேட்காமல் உன்னை உள்ளே விடும் நாடு உலகத்தில் ஒன்றுதான், மூன்று மாதக் குழந்தையாக நீ விட்டு வந்த இந்தியா.

அன்று காலை நீ சட்டைக்கு இஸ்திரி போட்டாய். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ப்ளீஸ், நாள் பூரா இங்கயே உக்காந்து கடிகாரத்தைப் பாத்துட்டு இருக்காத. ஊரைச் சுத்திப் பாரு. இதுக்குன்னு ஃபாரின்லேர்ந்தெல்லாம் வராங்க."

"நான் ஸ்டேஷன் வரைக்கும் வரேன்."

"வேணாம். கிண்டர்கார்டன் வாசல்ல நின்ன மாதிரி நிப்ப. எனக்கு அழுகை வரும்னு நினைச்சுட்டு நீ அழுவ."

"நான் எப்படா அழுதேன்?"

"அதான் சொல்றேன். அழாம நிப்ப. அது இன்னும் மோசம்."

என் போனில் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தாய். குடை இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டாய். மஞ்சள் தூக்கலாக ஒரு எலுமிச்சைச் சாதம் நீயே செய்து டப்பாவில் அடைத்திருந்தாய். மூடியை நாலு பக்கமும் அழுத்தி, கசிகிறதா என்று ஒரு முறை தலைகீழாகக் குலுக்கிப் பார்த்து என் பையில் வைத்தாய். அந்தக் குலுக்கல் என்னுடையது. உன் பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சமையல் மேடையில் நின்று நான் செய்தது, நீ பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

சுற்றுலாப் பயணி ஒருத்தி என்ன செய்வாளோ அதை எல்லாம் செய்தேன். பழைய நகரத்தின் வடக்கு வாசலில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட உயரமான பெரியவர் ஒருவர் இலவசமாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துகொண்டேன். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த வாசலுக்கு வந்தால் கதவைத் தட்டி, மேயரிடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே வர முடியும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேயர் பதில் சொல்ல எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். டெக்சஸ் என்றேன். "அப்படியா, அதற்கு முன்னால்?" என்றார். சென்னை என்றேன். அவர் முகம் தெளிந்தது, அதுதான் அவருக்கு வேண்டிய பதில். இந்தக் கேள்வியை உன்னிடம் யாராவது கேட்கும்போது நீ எந்த ஊரைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு வருடத்தில் கேட்டதில்லை.

பெரிய தேவாலயத்துக்குள் நான் நின்றபோது அப்பா போன் செய்தார். ரவுண்ட் ராக்கில் அப்போதுதான் விடிந்திருக்கும். நான் வீட்டுக் குழுவில் அனுப்பிக்கொண்டிருந்த புகைப்படங்களுக்கு ஒவ்வொன்றாகக் கட்டை விரல் போட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டார். தூணோரமாகப் போய் மெல்லப் பேசினேன்.

"ஏதாவது சொன்னானா?"

"இப்பதாங்க உள்ள போயிருப்பான்."

"ம். நீ அனுப்பினது என்ன, அரண்மனையா?"

"சர்ச்."

"பெருசா கட்டிருக்கான்."

"எரநூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம் கட்டி முடிக்க."

"நம்மள மாதிரி கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணவங்களா கட்டினாங்க?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "சரி, பாத்துட்டு வா," என்று வைத்துவிட்டார். எதிரே ஒரு தட்டில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. என் வயதுப் பெண் ஒருத்தி ஒன்றை ஏற்றிவிட்டு, அது நிற்கிறதா என்று விரலால் சரி பார்த்தாள். எனக்குப் பின்னால் ஒருவர் நின்று, நான் ஏற்றப்போகிறேன் என்று வழிவிட்டார். நான் நகர்ந்து அவருக்கு வழிவிட்டேன். எனக்கு எந்தச் சாமியிடமும் கேட்டுப் பழக்கமில்லை. தேவைப்படும்போது மட்டும், அதுவும் அடுத்தவர் வீட்டில், கேட்பது நாகரிகமில்லை என்று தோன்றியது. ஆனால் அன்று முழுக்க அந்தத் தட்டு என் கண்ணில் இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உன் எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மதிலில் ஏறினேன். ஊரைச் சுற்றிப் போகிற கல் மதில், மேலே இருவர் ஒதுங்கிப் போகும் அளவுக்குப் பாதை. ஒரு பக்கம் கோட்டைச் சுவர், இன்னொரு பக்கம் கீழே வீடுகளின் கொல்லைப்புறம். யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். நடக்கும்போது, வேலை கிடைக்காமல் நீ சென்னைக்குப் போக நேர்ந்தால் உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் தயார் செய்தேன். நங்கநல்லூர் வீட்டில் சித்தி சோறு போடும்போது போதும் என்று வாயால் சொல்லாதே, இலையைக் கையால் மறை, அப்போதுதான் நிறுத்துவாள். அமெரிக்காவிலிருந்து ஏன் வந்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள், நீளமாகப் பதில் சொல்லாதே, சொல்லச் சொல்ல அவர்கள் உன்னிடம் ஏதோ குற்றம் இருப்பதாக நினைப்பார்கள். உன் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், அதில் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனாலும் வலிக்கும். முதல் மழையில் வெளியே போகாதே. இப்படிச் சில்லறை விஷயங்களாகவே வந்தன. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். என்னாலேயே அதை நம்ப முடியவில்லை, விட்டுவிட்டேன். நான் உனக்குச் சொன்னவற்றில் பொய்யாகப் போனது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும், "இந்த வருஷம் கிரீன் கார்டு வந்துடும்டா," என்று சொன்னது.

மதில் திரும்பும் இடத்தில், "டேய், நீ நடுவுல நின்னா கோபுரம் எங்கடா தெரியும்? ஓரமாப் போ," என்று ஒரு பெண் குரல் கேட்டது. முப்பதுக்குள் இருக்கும், கணவனும் மனைவியும். அந்தப் பையன் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் புகைப்படம் எடுத்துத் தர முடியுமா என்றான். "எடுக்கறேன், ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க," என்றேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, தமிழா? டேய்னு சொன்னதெல்லாம் கேட்டுட்டீங்களா ஆன்ட்டி?"

"பரவால்ல. நான் உங்க மாமியார் இல்ல."

கோயம்புத்தூர்க்காரர்கள். லீட்ஸில் இருவருக்கும் வேலை. நான் அமெரிக்காவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னேன். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. "இவங்க அடுத்த வாரம் ஊருக்குப் போறாங்க. இனி எப்பச் சுத்தறதுன்னுதான் கூட்டிட்டு வந்தேனுங்க," என்றான் அவன். முன்பின் தெரியாதவர்களிடம் சொந்த விஷயம் பேசுகிறவள் இல்லை நான். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"எதுக்குப் போகணும்? இங்கயே பெத்துக்கலாமே."

"அம்மா விட மாட்டாங்க ஆன்ட்டி. மொதக் கொழந்தை அங்கதான்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

"அதில்லம்மா. நாளைக்குக் குழந்தைக்கு இந்த ஊர்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவன் புரிந்துகொண்டான். "சிட்டிசன்ஷிப்பச் சொல்றீங்களா? இங்க பொறந்த உடனே எல்லாம் ஆகாதுங்க ஆன்ட்டி. நாங்க ஒர்க் விசாதானுங்க. உங்க அமெரிக்கா மாதிரி இல்ல."

இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த ஒரே புத்திமதி அது. யாராவது ஒரு பெண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தது. சொல்ல ஒருத்தி கிடைத்தாள், அவளுக்கு அது உதவவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவள் மூச்சு வாங்க மதில் திட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க உங்க மொதக் கொழந்தைக்கு ஊருக்குப் போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?"

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க," என்றேன்.

உண்மைதான், அருண். யாரும் இதுவரை என்னை இப்படிக் கேட்டதில்லை, அதனால் நானும் இதை எடுத்துப் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் என்னை யாராவது முழுவதுமாகக் கவனித்துக்கொண்ட காலம் அது ஒன்றுதான். பகலில் தூங்கினேன். பசிக்கும் முன்னால் தட்டு வந்தது. உன்னை நான் பெற்ற அந்த நர்சிங் ஹோமில், மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளைப் பார்த்துக்கொண்டு, உன்னை மடியில் வைத்தபடி ஒன்றுமே யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் இதை உன் கேள்விக்குப் பதிலாக எப்படிச் சொல்வது? நான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன், அதற்காக நீ வளர்ந்த ஊரை விட்டுப் போ என்றா? அது காரணம்கூட இல்லை. நடந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் கையை ஊன்றி எழுந்து, "போய்ட்டு வரேன் ஆன்ட்டி," என்றாள். பத்திரமாப் போய்ட்டு வா என்றேன். அவர்கள் படியிறங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு படி முன்னால் இறங்கி, திரும்பி நின்று கை கொடுத்தான்.

ஆற்றங்கரையில் ஒரு மதுக்கடைச் சுவரில், வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். என் தலைக்கு மேலே ஒரு கோடு இருந்தது. அதற்குக் கீழே மேசை போட்டு மனிதர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் படம் எடுத்து வீட்டுக் குழுவில் அனுப்பினேன், அப்பா கட்டை விரல் போட்டார். இடிந்த மடாலயத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது உன் செய்தி வந்தது. "முடிஞ்சுது. ரயில்ல இருக்கேன். சாப்பிட்டியா?" என்று மட்டும். நேர்காணல் எப்படிப் போனது என்று இல்லை. அந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீ கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாய்.

"எப்படிடா போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. நாளைக்குச் சொல்றேன்னாங்க."

"நல்லாத்தான்னா?"

"அம்மா."

நான் நிறுத்திக்கொண்டேன். என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டாய். தேவாலயம், கதவு தட்டிய ஸ்காட்லாந்துக்காரர்கள், வெள்ளக் கோடு எல்லாம் சொன்னேன். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணைச் சொல்லவில்லை. நீ அந்த மதிலில் ஒரு முறைகூட ஏறியதில்லை என்றாய். "இங்கயே இருக்கறவங்க யாரும் ஏற மாட்டாங்கம்மா. எப்ப வேணா ஏறிக்கலாம்னு விட்டுடுவாங்க."

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். காலையில் நீ வாங்கி வைத்திருந்த பாக்கெட் மாவில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தோசை கல்லில் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. நின்றபடியே படித்தாய், பிறகு எனக்கும் படித்துக் காட்டினாய். அவர்களுக்கு உன்னைப் பிடித்திருந்ததாம். இந்த ஆண்டு யாருக்கும் விசாப் பொறுப்பு ஏற்பதில்லை என்று மேலே முடிவாகிவிட்டதாம். உனக்கு எல்லா நலனும் வாழ்த்தியிருந்தார்கள். "தோசை கருகுதும்மா," என்றாய். திருப்பிப் போட்டேன். அந்தத் தோசையை நீ சாப்பிட்டாய். அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவர், "சரி," என்றார், பிறகு, "அவன் பக்கத்துல இரு," என்றார். நீ நங்கநல்லூருக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டாய். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசியதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். தமிழில் பேசினாய்.

"சித்தப்பா, அருண். நான் சென்னை வரேன்."

"டேய் அருண். எப்படா? எத்தன நாள் லீவு?"

"லீவு இல்ல சித்தப்பா. அங்கயே இருக்க."

மறுமுனையில் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு அவர் கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. "ஏய், அருண் வரானாம். இங்கயே இருக்கப்போறானாம்." மாடி ரூமைக் காலி பண்ணணும் என்று சித்தி எங்கிருந்தோ சொன்னாள். சித்தப்பா திரும்பி வந்து, "வாடா ராஜா. நம்ம ஊருக்கு வரதுக்கு யாரடா கேக்கணும்? ஃப்ளைட் நம்பர் மட்டும் அனுப்பு, நான் வந்து நிக்கறேன்," என்றார். சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாய். "அவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்," என்றாய், மறுபடி ஆங்கிலத்தில்.

"ஆமாண்டா."

"நான் வீட்டுக்குத் திரும்பி வரேன்னு நினைக்கறார்."

பாக்கெட்டில் இன்னும் மாவு இருந்தது. இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாய்.

அம்மா